ஊசி போட்ட கையில் சீலா மீன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். நர்சிங் முடித்ததும், மருத்துவமனையைவிடச் சம்பளம் அதிகம் என்பதால், மில்லர்புரத்தில் ஒரு வீட்டில் சர்க்கரை நோயாளியான முதிய அம்மாவைக் கவனிக்கும் வேலையைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாள் என்னை ‘சிஸ்டர்’ என்ற அவருடைய மருமகள், அடுத்த வாரமே ‘ஏளா’ என்று ஒருமைக்கு இறங்கினார். ஒரு மதியம் அந்த அம்மாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு, சாப்பாடு எடுக்க அடுக்களைக்குப் போனேன். அங்கே முழுச் சீலா மீன் ஒன்று கிடந்தது.

“ஏளா, கடற்கரைப் பிள்ளைதான நீ? இத வெட்டித் தந்துட்டுப் போ.”

“ஊசி போட்டாச்சுக்கா. அவங்க உடனே சாப்பிடணும்.”

“மீனப் பொரிச்சுச் சேத்துக் குடுப்போம். படிச்சுட்டா மீன் நாறுதோ?”

அந்தக் கேலிக்குக் கூசி மீன் வெட்ட உட்கார்ந்துவிட்டேன். அதுதான் என் தவறு. திரும்பிப் போனபோது அந்த அம்மா வியர்த்து நனைந்து, நாக்குக் குழறிக் கிடந்தார். நல்லவேளை, விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பேச்சுத் தெளிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருமகள் என்ன சொன்னார் தெரியுமா? “நீ போட்ட ஊசியாலதான இப்படி ஆச்சு?”

“ஊசி போட்டது நான்தான். சோத்த நிப்பாட்டுனது யாருக்கா?” என்று கேட்டேன். அந்த அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டு, அன்றே வேலையை விட்டேன்.

மீன் வெட்டுவது கேவலமில்லை. என் அம்மா மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஒரு உயிரைக் காத்திருக்க வைத்துவிட்டு வெட்டச் சொன்னதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

இப்போது குறைந்த சம்பளத்தில் ஒரு மருத்துவமனை வார்டில் இருக்கிறேன். இன்சுலின் போட்டால், நோயாளி முதல் வாய்ச் சோற்றை விழுங்கும்வரை, யார் கூப்பிட்டாலும் நான் கட்டிலைவிட்டு நகர்வதில்லை.