வில்ஃப் போடும் எலும்பு

கொத்துக்கறியைத் தாளில் மடித்துக்கொண்டே கறிக்கடை வில்ஃப் ஹோல்ராய்ட் ஆரம்பித்துவிட்டார். "போன்ஃபயர்னா என்ன கண்ணு? போன்னா எலும்பு, ஃபயர்னா நெருப்பு. அந்தக் காலத்துல எலும்பைப் போட்டுத்தான் எரிச்சாங்க. நீங்க என்னடான்னா பழைய சோபாவைக் கொண்டாந்து போடுறீங்க!"

நவம்பர் நெருங்கினால் எங்கள் யார்க்‌ஷயர் ஊரில் கறி வாங்கப் போகிற எவருக்கும் இந்தப் பாடத்திலிருந்து தப்பில்லை. தொத்தல் உடம்பு, கோடு போட்ட ஏப்ரன், ஊருக்கே கேட்கும் குரல். பெயரில் எலும்பு இருந்தால் நெருப்பிலும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் ஆண்டுதோறும் நவம்பர் ஐந்தாம் தேதி, ஊரே கூடிப் பெருநெருப்பு மூட்டி வாணவேடிக்கை விடும் இரவில், ஒரு மாட்டெலும்போடு மைதானத்துக்கு வந்து, நெருப்புக்குள் வீசுவார். அவருடைய இடது பக்கத்தில் நின்று நாய் டஃபி, பெரிய அநியாயம் நடந்துவிட்டதுபோல் குரைத்துத் தீர்க்கும். எங்களில் பாதிப்பேர் வாணவேடிக்கையை விட்டுவிட்டு இதைத்தான் பார்ப்போம்.

இந்த ஆண்டு விழாக் கமிட்டிக்கு மேவிஸ் தலைவி. கறார்ப் பேர்வழி. "எலும்பெல்லாம் வேணாம் வில்ஃப், நாத்தம் தாங்கல. அதுவும் இல்லாம, பிரெஞ்சுல 'போன்'னா நல்லதுன்னு அர்த்தம். நல்ல நெருப்பு, அவ்வளவுதான்" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டார்.

"பிரெஞ்சுக்காரனா வந்து நம்மூர்ல நெருப்பு மூட்டினான்?" என்றார் வில்ஃப். வாய்தான் பேசியது, சுருதி இல்லை. டஃபி செப்டம்பரில் செத்துப்போனது. அது கடைசியாகக் கடித்துப் பாதியில் விட்ட எலும்பு இன்னும் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது.

மேவிஸ் போனதும் என்னிடம் சொன்னார்: "குப்பையில போட மனசு வரல கண்ணு. அஞ்சாம் தேதி நெருப்புல போடலாம்னு வச்சிருந்தேன்." நான் கறியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி வில்ஃப் வந்தார். ஒரு கையில் இஞ்சிக் கேக், மறுகை கோட்டுப் பைக்குள். மேவிஸ் நேரே போய் வழியை மறித்தார்.

"பையில என்ன வில்ஃப்?"

அவர் எடுத்துக் காட்டினார். பல் பதிந்த தடங்களை மேவிஸ் சற்றுநேரம் பார்த்தார்.

"டஃபியோடதா?"

"ஆமா கண்ணு."

"அந்தக் கேக்கை இப்படிக் குடுங்க, நான் வச்சிருக்கேன்."

வில்ஃப் இரண்டு எட்டு முன்னே போனார். எப்போதும்போல ஓங்கி வீசவில்லை. குனிந்து, நாய்க்குப் போடுவதுபோல் தரையோடு உருட்டிவிட்டார். பிறகு நிமிர்ந்து, குரைப்புக்குக் காத்திருப்பவராக இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்.