ஹவில்தார் கோதண்டத்தின் இடது முட்டி

சேதி வந்தபோது நான் வருகைப் பதிவு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஷூவுக்குப் பசை தடவும் பெண்களின் விரல் ரேகை அதற்கு என்றைக்குமே பிடிபடாது. இன்டர்காம் அடித்தது. "சார், நம்ம ஹவில்தார் போய்ட்டாரு சார்" என்றார்கள் கேட்டிலிருந்து. இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆம்பூரில் எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டிய எல்லோருக்கும் கோதண்டத்தைத் தெரியும். ராணுவத்திலிருந்து வந்து செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர். மேனேஜர் காரையும் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னவர். டைம் ஆபீஸில் இருக்கும் எனக்கு அவர் கூட்டாளி. என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, தோஸ்த் என்றுதான் கூப்பிடுவார்.

நான் போனபோது அவரை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, முட்டி போன மனிதர் மாடியில் குடியிருந்தார். கேட்டால், "போஸ்ட் எப்பவும் உயரத்துல இருக்கணும்" என்பார். படி குறுகல். கால் முன்னால் வரவேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, வளைவில் திருப்ப முடியாமல் நாலு பேர் திணறிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று அழுதுகொண்டிருந்த அவர் மனைவி சரோஜா அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தலைப்பக்கமாவே இறக்குங்க. நேரா எறங்கி அவருக்குப் பழக்கமே இல்ல."

கம்பெனி ஆட்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். சொந்தக்காரர்கள் சிலர் எங்களை முறைத்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எந்தப் படியையும் பின்பக்கமாகத்தான் இறங்குவார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகம் மேலே பார்த்தபடி, ஒவ்வொரு காலாக. இடது முட்டி மடங்காது. ஆனால் அதைச் சொல்லமாட்டார். "எதிரிக்கு முதுகு காட்டக்கூடாது தோஸ்த்" என்பார். கீழே நிற்பவனுக்கு முதுகுதானே தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "எதிரி மேலதான் இருப்பான்" என்றார். அவருடைய பென்ஷன் அப்பீல் கதை தெரிந்த பிறகு, அது சரியென்றே எனக்குப் பட்டது.

முட்டி போனது ஒரு பனிமலையில். சாமான் ஏற்றிய கோவேறு கழுதை சறுக்கியது. இவர் கயிற்றை விடவில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே உருண்டார்கள். அதிகாரி ஓடிவந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். இவர் எழுந்து விறைப்பாக நின்று, "ஏக்தம் ஃபிட் சாப்!", ஒரு குறையும் இல்லை என்றார். கழுதைக்கு அப்படிச் சொல்லத் தெரியாததால் அதற்கு அடிபட்டது என்று எழுதினார்கள், ஓய்வும் கொடுத்தார்கள். இவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

பல வருடம் கழித்து, நடக்கவே முடியாமல் போனபோது, மருத்துவக் குழு பார்த்து வீட்டுக்கு அனுப்பியது. முட்டித் தேய்மானம் உடல்வாகினால் வந்தது, பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று எழுதிவிட்டார்கள். ஊனமுற்றோர் பென்ஷன் இல்லை. முதல் அப்பீல் போட்டார். அதே வாக்கியம் வந்தது. இரண்டாவது அப்பீலுக்கும் அதே வாக்கியம், கையெழுத்து மட்டும் வேறு.

பென்ஷன் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். உடல்வாகு என்ற சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. "நான் திருட்டு முட்டியோட பட்டாளத்துல சேர்ந்தேன்னு சொல்றான் தோஸ்த். சேர்க்கும்போது ஓட விட்டான், தாண்ட விட்டான், வாயைத் திறந்து பல்லெல்லாம் பாத்தான். அப்ப தெரியலையா?"

வக்கீல் கிடைத்து, சென்னையில் தீர்ப்பாயம் வரை போனோம். பல வருடம் இழுத்த வழக்கு, கடைசியில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. நீதிபதியும் அதையேதான் கேட்டார். சேரும்போது முட்டியில் குறை என்று பதிவு உண்டா? அரசுத் தரப்பு வக்கீல் இல்லை என்றார். அப்படியானால் பணியில் வந்ததாகத்தான் கொள்ளவேண்டும், இல்லையென்று சொல்ல நீங்கள் காரணம் காட்டவில்லை, சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்றார். அண்ணி கோர்ட் என்றும் பார்க்காமல் கும்பிட்டார். ஆனால் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. ஊனம் எத்தனை சதவீதம் என்று புதிய மருத்துவக் குழு சொல்லவேண்டும். இருபதுக்குக் கீழே போனால் ஜெயித்ததும் வீண்.

நான் பயந்தது அவருடைய வாய்க்குத்தான். ஒரு வாரம் செக்யூரிட்டி ரூமில் ஒத்திகை நடத்தினேன். நான்தான் டாக்டர்.

"எப்படி இருக்கீங்க?"

"ஃபிட் சார்."

"யோவ், வலிக்குதுன்னு சொல்லுய்யா!"

"வாய்ல வரமாட்டுது தோஸ்த். பேஜாரா கீது."

ரயிலில் சோளிங்கர் தாண்டும் வரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தேறிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ராணுவ மருத்துவமனையின் மாடியில் குழு உட்கார்ந்திருந்தது. அண்ணியும் நானும் வராந்தாவில் நின்றோம். உள்ளே குழுவிலிருந்த டாக்டரம்மா ஒருவர் இந்தியில் நலம் விசாரிப்பது கேட்டது. அடுத்து பூட்ஸ் குதிகால்கள் சேரும் சத்தம். அப்புறம் கட்டடமே அதிர, "ஏக்தம் ஃபிட், மேடம் சாப்!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு. இந்தாளை இன்னா பண்றது?"

காலை மடக்கச் சொன்னபோதும் வலி இல்லை என்றே சாதித்திருக்கிறார். வெளியே வந்தபோது சட்டை வேர்வையில் தொப்பலாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்தார், திரும்பினார், பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அந்த டாக்டரம்மா டீ குடிக்க வெளியே வந்தார்.

முகம் மேலே இருந்ததால் இவர் அவரைப் பார்த்துவிட்டார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சல்யூட் வேறு. டாக்டரம்மா அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இப்படி இறங்குறீங்க?" என்று தமிழில் கேட்டார். அவர் எதிரியைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"பதினஞ்சு வருஷமா இப்படித்தாம்மா எறங்குறாரு. கக்கூஸ்ல உக்கார முடியாது. கோயில்ல கும்பிட்டு எழுந்துக்க முடியாது. ராத்திரியில தலைகாணிய கடிச்சிக்கினு படுத்திருக்காரு. உங்களாண்ட மட்டும் ஃபிட்டாம்!"

டாக்டரம்மா அவரைத் திரும்ப உள்ளே அழைத்தார். இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. "ஹவில்தார், இது ஆர்டர். எங்கே வலி, காட்டு" என்றார். ஆர்டர் என்றால் அவரால் மீற முடியாது. முட்டியை, தொடையை, இடுப்பை வரிசையாகத் தொட்டுக் காட்டினார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பென்ஷன் ஆணை வந்த அன்று எங்களுக்கெல்லாம் பிரியாணி. ஊனம் இருபதைத் தாண்டியிருந்தது, அதுவும் ஆயுளுக்கும். 'பணியால் ஏற்பட்டது' என்ற வரியை என்னைத் தமிழில் உரக்கச் சொல்லச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டார். "இனிமே இது கவர்மெண்ட் முட்டி. யாரும் இடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பந்தியில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் இதயம் தளர்ந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பார்க்கப் போயிருந்தபோது ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார். போர்வைக்குள் குதிகால்கள் சேர்ந்தன. "ஏக்தம் ஃபிட் சார்." டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணி காபி வாங்கப் போயிருந்தார். கோதண்டம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"வலிக்குது தோஸ்த்."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இப்ப கரெக்டா சொன்னேனா?"

கரெக்டாகச் சொன்னீர்கள் என்றேன். பிறகு வீட்டுக்கு வந்தார், அடுத்த வாரம் போய்விட்டார். ராணுவத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் கடைசிவரை கிடைக்காத அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருக்கிறது.