தரையில் போடாத புல்

புனேயிலிருந்து அந்தப் பெண்குதிரை லாரியில் வந்து இறங்கிய காலையில் லாயத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ், லாரி டிரைவர். முதலாளி மேடம் இல்லை. கால்நடை டாக்டரும் இல்லை. ஆகவே பொறுப்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். ஹெப்பகோடி தாண்டியிருந்த அந்தக் குதிரையேற்றப் பள்ளிக்கு மேனேஜர். கையில் தெர்மாமீட்டரும் நோட்டும் இருந்தன. சைஸுக்கும் என் வயதுதான். விவேக் நகர்க்காரன், மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

இரண்டு நாள் பயணத்தில் குதிரைக்கு விலா ஒட்டிப்போயிருந்தது. எங்கள் போர்த் தண்ணீர் அதற்குப் பிடிக்கவில்லை. நான் வாளியை நீட்ட நீட்ட முகத்தைத் திருப்பியது. அவன் ஒரு கை வெல்லத்தைக் கரைத்து, மெதுவாக விசிலடித்தான். அரை வாளி குடித்துவிட்டது.

"எப்பிடிப்பா?"

"தண்ணி காட்டறப்ப விசில் அடிச்சே பழக்கியிருப்பாங்க, ஆபீசரே. நோட்டுல அதெல்லாம் வராது."

டிரைவரும் சேர்ந்து சிரித்தார்.

மதியம் யாரும் இல்லாதபோது நானும் விசிலடித்துப் பார்த்தேன். குதிரை காதை விடைத்து, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தது. அவனைத் தேடியது. வயிறு எரிந்தது எனக்கு. சாயங்காலம் வந்த மேடம் அவன் தோளைத் தட்டினார். என் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வாராவாரம் போல மதியமே கோயிலுக்குக் கிளம்பியவன் வாசலில் நின்று சொன்னான்:

"புல்லத் தரையிலயே போடுங்க. வலையில கட்டி மேல தொங்கவிடாதீங்க. ரெண்டு நாளா தலையத் தூக்கிக் கட்டியே கொண்டாந்திருக்காங்க. குனிஞ்சு தின்னாத்தான் நெஞ்சுச்சளி மூக்கு வழியா எறங்கும்."

நான் படித்த கையேட்டிலும் அதேதான் இருந்தது. அவன் முந்திக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. தரையில் போட்டால் புல் மிதிபட்டு வீணாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, வலையில் அடைத்து உயரத்தில் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை குதிரை இருமியது. மூக்கில் மஞ்சளாகச் சளி. தெர்மாமீட்டர் நூற்று மூன்றரை காட்டியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "நுரையீரல்ல எறங்கிடுச்சு. பத்து நாள் ஊசி போடணும். பிழைக்குமான்னு அப்புறம்தான் தெரியும்."

மேடம் தொங்கிய வலையைப் பார்த்தார். "யாரு கட்டினது?"

நான் நோட்டைப் புரட்டினேன். அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "நாங்கதான் மேடம். தரை ஈரமா இருந்துச்சு."

பத்து நாளும் புல்லை நனைத்துத் தரையில் வைத்தான், மெல்ல நடக்க வைத்தான், விசிலடித்துத் தண்ணீர் காட்டினான். நான் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதினேன். நூறுக்கு இறங்கிய அன்று குதிரை அவன் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. நான் நோட்டில் நூறு என்று எழுதினேன்.

மேடம் எங்கள் இருவரிடமும் பிடிக்கப்போவதாகச் சொன்ன மருந்துச் செலவில் அவன் பங்கையும் நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"குதிரை தேறிடுச்சில்ல, விடுங்க ஆபீசரே."

அப்படிச் சொல்ல முடிந்ததற்காகவும் அவன்மேல் பொறாமைப்பட்டேன். ஊசி, மருந்து, டாக்டர் வந்துபோன செலவு எல்லாவற்றையும் மேடம் எங்கள் சம்பளத்தில் பாதிப் பாதியாகப் பிடித்தார்: ஆளுக்கு ஏழாயிரத்து முந்நூறு, மொத்தம் பதினான்காயிரத்து அறுநூறு ரூபாய்.