சுவாமி மந்திரித்த தாங்கி

தண்ணீர்த் திட்டத்தில் வேலை செய்பவருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். கேட்க நன்றாக இருக்கும். உங்களில் யாராவது குடையும் பையுமாக ஊர் ஊராகப் படலை தட்டியிருந்தால், தட்டிவிட்டு உள்ளேயிருந்து ஆள் வருவதற்குள் திரும்பி ஓடிவிடலாமா என்று யோசித்திருந்தால், நீங்கள் என் சாதி. எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேச வராது. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்க வரும். கீழே உள்ளவை எல்லாம் அப்படி நின்று பார்த்தவை.

திறப்பு விழா

மன்னார்த் தீவில், கடலை ஒட்டிய சின்னக் கிராமம் அது. எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், எல்லாம் சவர். பால் தேத்தண்ணீர் போட்டால் திரைந்துவிடும். தண்ணீர்ப் பவுசர் லொறி வரும் நாளில் நல்ல தண்ணீர், வராத நாளில் கிணறு. எங்கள் நிறுவனம் கத்தோலிக்கக் கோவில் வளவில் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் கொடுத்தது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் இழுக்கும், இயந்திரம் உப்பைப் பிரிக்கும், நல்ல தண்ணீர் மேலே தூக்கி வைத்த கறுப்புத் தாங்கியில் ஏறும், கீழே பைப்பில் வரும்.

திறப்பு விழாவுக்குப் பங்குச் சுவாமி வந்தார். இளம் வயது, உற்சாகமான மனிதர். பழைய முறைப்படி தண்ணீரில் உப்புப் போட்டு மந்திரித்து, இயந்திரத்துக்குத் தெளித்தார், பைப்புக்குத் தெளித்தார், எங்களுக்கும் தெளித்தார். அதோடு நின்றிருக்கலாம். ஏணி ஒன்று சாத்தியிருந்ததைக் கண்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஏறி, மிச்சத் தீர்த்தம் முழுவதையும் தாங்கிக்குள் ஊற்றினார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் எங்கள் மெக்கானிக் சிவநேசன் அண்ணா நின்றார். உயிலங்குளத்து ஆள், வீட்டில் வயல், பிள்ளையார் கோவிலில் திருநீறு பூசாமல் வேலைக்கு வராதவர். அவர் என் காதோடு சொன்னார்:

"தங்கச்சி, உப்பை எடுக்கத்தானே நாங்கள் மெஷின் பூட்டினது. சுவாமி திரும்பப் போட்டிட்டார்."

சின்னப் போத்தல்கள்

அடுத்த கிழமை போனபோது பைப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எனக்குச் சந்தோசம். செருப்புகளை எல்லாம் கழற்றி வேலியோரம் அடுக்கியிருந்தார்கள். இவ்வளவு சுத்தம் பார்க்கிறார்களே என்று எனக்குப் பெருமை வேறு. எங்கள் நிறுவனக் கந்தோருக்குப் படமும் எடுத்து அனுப்பினேன்.

பிறகுதான் கையிலிருந்தவற்றைக் கவனித்தேன். குடமில்லை, பிளாஸ்டிக் கான் இல்லை. பாணி மருந்துப் போத்தல், சோடாப் போத்தல், மாதா உருவத்தில் வார்த்த நீலப் பிளாஸ்டிக் போத்தல், மடு மாதா திருவிழாவில் விற்பார்களே, அது. ஒருவர் மெழுகுதிரி ஒன்றைப் பைப்பின் அடியில் கொளுத்தி வைத்துவிட்டுப் போனார். முன்னால் நின்ற பெண்ணிடம், கொஞ்சம் பெரிய பாத்திரம் கொண்டு வரலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் போத்தலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இது காணும் மிஸ். வருத்தம் காய்ச்சல் எண்டு வந்தால்தானே எடுக்கப் போறம்."

கை கழுவியது

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணல் பறந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. யோசிக்காமல் பைப்பைத் திறந்து கையைக் கழுவினேன். முகத்தையும் கழுவினேன். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பெண் நெஞ்சில் சிலுவை போட்டார். இன்னொருவர் குனிந்து, என் கையிலிருந்து நிலத்தில் விழுந்து தேங்கிய தண்ணீரை வேப்பமரத்தின் அடிக்கு மெதுவாகக் கையால் வழித்து விட்டார்.

தீர்த்தத்தைச் சாக்கடைக் கானில் விடக் கூடாது, மண்ணுக்கோ மரத்துக்கோதான் விட வேண்டும். நானும் கோவிலுக்குப் போகிறவள்தான், சின்ன வயதில் படித்ததுதான். ஆனால் தலைக்கு மேலே கறுப்புத் தாங்கி நிறையத் தீர்த்தம் நிற்கும் என்று எந்த மறைக்கல்வி ரீச்சரும் சொல்லித் தரவில்லை. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். சிவநேசன் அண்ணா ஸ்பேனரைத் துடைத்தபடி ஆறுதல் சொன்னார்:

"காலைக் கழுவேல்லை எண்டு சந்தோசப்படு தங்கச்சி."

சுரூபத்துக்குப் பக்கத்தில்

திரேசம்மாவின் வீட்டுப் படலையைத் தட்ட எனக்கு இரண்டு தரம் தெருவை நடந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் செபமாலை சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். குரலும் அப்படி. உள்ளே கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்தார். வாயில் வைத்ததும் தெரிந்தது, கிணற்றுத் தண்ணீர். எங்கள் பைப்புத் தண்ணீர் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மூடி இறுக்கிய போத்தலில் இருந்தது, முன்னால் பிளாஸ்டிக் பூவோடு.

அவருடைய மருமகள் ரெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். ஆறாம் மாதம். கணவன் கடலுக்குப் போயிருந்தான். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இந்த முறையும் சிறுநீர் எரியும் சலக்கடுப்பும் காய்ச்சலும் விட்டு விட்டு வருகிறது; நல்ல தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சவர்த் தண்ணீர் கூடவே கூடாது, கிருமி ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல தண்ணீர் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கிறது. குடிக்கிறாயா என்று கேட்டேன். அவள் உண்மையாகவே பக்தியோடு தலையாட்டினாள்.

"காலமை ஒரு வாய், படுக்கேக்க ஒரு வாய். சிலுவை போட்டிட்டுத்தான் மிஸ் குடிக்கிறனான். மிச்ச நேரம் கிணத்துத் தண்ணிதான்."

அடுத்த தெரு

இயந்திரம் எல்லாருக்கும் என்று பலகையில் எழுதித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் அடுத்த தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கே முஸ்லிம் குடும்பங்கள். றஹீமா என்பவர் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடியே என்னை வரவேற்றார். கோவில் வளவு என்பதால் வரவில்லையா என்று கேட்க எனக்குச் சொற்கள் வரவில்லை. அவரே விளங்கிக்கொண்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, திருநாளுக்குச் சாப்பாடு வருகிறது, பெருநாளுக்கு நாங்கள் அனுப்புகிறோம் என்றார். பிறகு ஏன்?

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எனக்கு இத்தனை நாளும் விளங்காததை ஒரு மூச்சில் விளங்கப்படுத்தினார்:

"எங்கட வீட்டிலயும் ஓதின தண்ணி ஒரு போத்தல் இருக்குது மிஸ். அதில நாங்க சோறு ஆக்குறமா? அவங்க கும்பிடுற தண்ணிய நாங்க குடத்தில அள்ளிக்கொண்டு போய் மீன் கழுவினா, அது மரியாதையா?"

பிரசங்கம்

சுவாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், ரெஜினாவைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். ஞாயிறு பூசையில் பிரசங்கத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றியே பேசினார். அது குடிக்கிற தண்ணீர், சமையுங்கோ, கழுவுங்கோ, தாராளமாய்ப் பாவியுங்கோ என்றார். சனம் 'ஓம் ஓம்' என்று தலையாட்டியது. நான் பின் வாங்கிலில் இருந்து நிம்மதியாக மூச்சு விட்டேன். திங்கட்கிழமை அதே மருந்துப் போத்தல்கள் வந்தன.

என்னால் ஆவலை அடக்க முடியவில்லை. திரேசம்மாவிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கிறதல்லவா? அது வற்ற முதல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால், ஊற்றியதும் தீர்த்தமாகிவிடும். அப்படித்தான் காலங்காலமாக. தாங்கியும் ஒரு நாளும் வற்றுவதில்லை. அடியில் சுவாமி ஊற்றியது கிடக்கிறது, மேலே புதுத் தண்ணீர் விழுகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யார் பிரிப்பது? நான் பட்டம் படித்தவள். இதில் எந்த இடத்தில் பிழை பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் சுவாமி சொன்னது பிழையா என்று மட்டும் கேட்டேன்.

"சுவாமி சொன்னதும் சரி பிள்ளை. சுவாமி ஊத்தினதும் சரிதானே."

ஆஸ்பத்திரி

அந்தக் கிழமையே ரெஜினாவுக்குக் காய்ச்சல் கூடி, ஓட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பார்க்கப் போனேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. பிள்ளையின் துடிப்பு இருக்கிறது, ஆனால் இனி ஒரு முறை இப்படி வந்தால் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொன்னாராம். திரேசம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். செபமாலை கையில் இருந்தது, உருட்டவில்லை.

ரெஜினாவின் கணவன் வெளியில் என்னைப் பிடித்துக்கொண்டான். கடற்கரையிலிருந்து நேரே வந்திருந்தான், சாரத்தில் மீன் செதில். சண்டைக்கு வருகிறானோ என்று பயந்து இரண்டடி பின்னால் போனேன். அவன் சத்தம் போடவில்லை, கெஞ்சினான்:

"மிஸ், படிச்சனீங்கள்தானே. அம்மாவோட வாதாட எனக்கு ஏலாது. அந்தத் தண்ணியைத் தண்ணியாக்க ஒரு வழி சொல்லுங்கோ."

கடைசித் துளி

வழி எனக்குத் திரேசம்மா சொன்னதற்குள்ளேயே கிடந்தது. தாங்கி வற்றாததால்தானே தீர்த்தம்? மாலைச் செபம் முடிந்து பெண்கள் எழும்ப முதல், என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "தாங்கியை முழுக்க வத்த விட்டால்?" என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னேன். எல்லாரும் திரேசம்மாவைப் பார்த்தார்கள். அவர் செபமாலையை மடியில் வைத்தார். "கடைசித் துளி வரைக்கும். கானில ஒரு சொட்டும் விடக் கூடாது" என்றார்.

அப்படியே நடந்தது. மோட்டாரை நிறுத்தினோம். ஊரே வந்து அள்ளியது. வள்ளங்களுக்குத் தெளித்தார்கள், வலைகளுக்குத் தெளித்தார்கள், சவக்காலையில் கல்லறைகளுக்கு விட்டார்கள், ஆடுகளுக்கும் விட்டார்கள். நோயில் கிடந்த ஒருவருக்கு உச்சி முதல் பாதம் வரை. பைப் இருமி ஓய்ந்தது. சிவநேசன் அண்ணா ஏணியில் ஏறி, இடுப்பு வரை தாங்கிக்குள் தலைகீழாக இறங்கி, உட்பக்கமெல்லாம் துணியால் ஒற்றினார். பிறகு வெளியே தலையை நீட்டி, இனி முடிந்ததா என்று கேட்டார். கீழேயிருந்து திரேசம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"துணியைப் பிழிஞ்சு தாங்கோ தம்பி."

புதுத் தண்ணீர்

மறுநாள் மோட்டார் போட்டபோது சுவாமியையும் கூப்பிட்டிருந்தார்கள், மந்திரிக்க அல்ல, மந்திரிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றார். அடுத்த தெருவிலிருந்து றஹீமாவும் இன்னும் சிலரும் பிளாஸ்டிக் கான்களோடு வந்து வேலிக்கு அப்பால் நின்றார்கள். தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் சுவாமிக்குப் பழக்கம் வந்துவிட்டது. வலது கை தானாக மேலே எழும்பியது. "சுவாமி, கையை இறக்குங்கோ!" என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் பயந்துபோய் இரண்டு கையையும் அங்கிப் பொக்கற்றுக்குள் விட்டார். அன்று முழுக்க வெளியே எடுக்கவில்லை.

முதலில் திரேசம்மா போனார். செருப்போடு. பைப்பைத் திறந்து, கொஞ்சம் நிதானித்து, வெடித்த குதிக்காலை நீட்டிக் கழுவினார். அதைப் பார்த்ததும் வரிசையில் ஒரு பெருமூச்சு. பிறகுதான் குடங்கள் முன்னால் வந்தன. ரெஜினா ஆஸ்பத்திரியால் வந்து மரநிழலில் கதிரையில் இருந்தாள். திரேசம்மா பெரிய கோப்பை ஒன்றில் முட்ட முட்ட நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் பழக்கத்தில் சிலுவை போடக் கையைத் தூக்க, மாமி அந்தக் கையைப் பிடித்துக் கோப்பையில் வைத்தார். ரெஜினா குடித்தாள். பாதியில் நிறுத்தி, முகத்தைச் சுளித்து, "சப்பெண்டு கிடக்கு மாமி" என்றாள். சவரிலேயே வளர்ந்த நாக்கு. திரேசம்மா கோப்பையின் அடியில் விரல் வைத்து மெல்ல உயர்த்தினார்:

"சும்மா தண்ணி அப்பிடித்தான் இருக்கும். வயிறு நிறையக் குடி."

உப்பைப் பிரிக்க ஒரு மெஷினும், ஒரு மெக்கானிக்கும் போதுமாக இருந்தது. தீர்த்தத்தைக் குடிதண்ணீராக்கத்தான் ஒரு முழு ஊரும், கையைப் பொக்கற்றில் விட்டுக்கொண்டு நிற்க ஒரு சுவாமியும் தேவைப்பட்டார்கள்.