ஒலிக்காத பஸர்

இருபது வருஷமாகக் கார் வயரிங் செய்கிறேன். காசிம் பாய் தன் ஹைப்ரிட் காரோடு வந்தார்.

"மெதுவாப் போனா என்ஜின் நின்னு பேட்டரியில ஓடுதுங்க. ரோட்ல நெல் காயவைக்கிறவங்களுக்கு வண்டி வர்ற சத்தமே கேக்கல. ஒரு பஸர் வைங்க."

வழக்கம்போல், என்ஜின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் வயரில் இணைத்தேன். பட்டறையில் என்ஜினை ஓடவிட்டபோது அருமையாகக் கத்தியது. "கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க பாய்" என்று நானும் ஏறிக்கொண்டேன்.

திருவாரூர் சாலையில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பாய் வேகத்தைக் குறைத்தார். என்ஜின் நின்றது, கூடவே என் பஸரும் நின்றது. பாய் பிரேக்கை மிதித்தபோது அந்தப் பெண்ணின் சேலை பம்பரில் உரசியது.

"ஒரு ஹாரன் அடிக்கக் கூடாதாங்க?" என்றார் அவர், சேலையை இழுத்துக்கொண்டு.

அன்றே, என்ஜின் நின்றாலும் கரண்ட் வரும் வயருக்கு மாற்றினேன். பிறகு அதே சாலையில் காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாயை மெதுவாக ஓட்டி வரச் சொன்னேன். பின்னால் பஸர் கத்தியது. என் வேலையை ரோட்டில் இருப்பவர் பக்கம் நின்று காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.