நிலாச் சுரங்கத்துப் படம்

ஒருவருடைய படச்சுருளை அவருக்குத் தெரியாமல் வெட்டியவன் நான். அப்போது மலேசியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, கணக்கெழுதுபவனாக, இருந்தேன். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளிகளுக்குப் படம் காட்ட வரும் ஆபரேட்டர் நெட்டையானவர். சட்டையில் எப்போதும் எண்ணெய்க் கறை இருக்கும். நிலாவில் சுரங்கம் தோண்டுகிறவர்களைப் பற்றிய பழைய ஊமைப்படம் ஒன்று வைத்திருந்தார். மக்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதில் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு உட்காரும் காட்சியை, தோட்டத்துத் துரைக்குப் பயந்து நான் வெட்டி எரித்தேன்.

அந்தத் துண்டைத் தன் புரொஜெக்டர் மிஷின்தான் தின்றுவிட்டது என்று ஆபரேட்டர் நம்பினார். அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்தி, விட்டுப்போன கதையை வாயாலேயே சொல்லுவார்.

வேறொரு நாட்டில் முழுப் பிரதி கிடைத்து, படத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று சென்ற வருடம் படித்தேன். அதை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு கம்போங் ராஜா ஊரிலிருக்கும் ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். நான் வெட்டிய காட்சி ஓடி முடிந்ததும் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப என் மிஷின் தின்னலயா, கிராணி?"

"இல்லீங்க. நான்தான் வெட்டினேன்."

"அட பாவி! நல்ல மிஷின திட்டித் திட்டி வித்துட்டேனே லா!"

சிரித்தபடியே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "இன்னொரு தடவ போடுங்க."

இப்போது ஞாயிறுதோறும் படம் பார்க்கக் கூப்பிடுகிறார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் போய்விடுகிறேன்.