தேர்வு நேரத்தில் ஓர் அழைப்பு

எம்.ரெட்டியபட்டி வீட்டில் மகள் கல்லூரியின் கடைசித் தேர்வைக் கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் தேறினால்தான் பட்டம். காரியாபட்டி சந்தையிலிருந்த நான் ஆவல் தாங்காமல் அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன்.

"பரீட்சை முடிஞ்சிருச்சா தாயி?"

"அதான் நீங்க முடிச்சு வச்சிட்டீகளேப்பா."

முதல் அழைப்பு திரையை மறைத்ததுமே தேர்வு தானாக மூடிக்கொண்டுவிட்டதாம்.

மறுநாள் பேராசிரியரைப் பார்த்தோம். "கூப்பிட்டது நான்தான் சார்" என்றேன்.

"நம்புறேங்க. ஆனா திரையை விட்டு வெளிய போனாலே காப்பியடிச்சதாத்தான் பதிவாகும். என்னால மாத்த முடியாது. அடுத்த வருசம் எழுதட்டும்."

அவள் எழுதவில்லை. நூல் மில்லுக்குப் போகிறாள்.

பிள்ளைகள் தேர்வெழுதும் நேரத்தில் அழைத்துவிடாதீர்கள். நான் இப்போது மகளைப் பகலில் அழைப்பதே இல்லை. மில் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள்.